செல்லூர்க்காரரின் பழைய காசெட்டுகள் வந்துவிட்டன: கேட்டவர்கள் வாங்க, பேசுவோம்

வைகைமணல்

மதுரையில் வீட்டிலேயே பாட்டுப் பதிகிற நம்ம செல்லூர்க்காரர் தன்னுடைய முதல் மூன்று காசெட்டுகளையும் ஒருவழியாக இணையத்தில் ஏற்றிவிட்டார். 1991லிருந்து 1996க்குள் வீட்டிலேயே வாசித்து, பாடி, பதிந்தவை. நம்மில் பலருக்கு அவரை 2013க்கு அப்புறம் வந்த பாட்டுகளால்தான் தெரியும். பழையவை நகலுக்கு நகல் எடுத்து வந்ததால், இரைச்சலுக்கு நடுவில் யாரோ பாடுகிறார் என்ற அளவில்தான் கேட்டிருப்போம். இப்போது வந்திருப்பது அவரிடமே இருந்த காசெட்டிலிருந்து எடுத்தது. வித்தியாசம் காதில் அறைகிறது.

மூன்றையும் வரிசையாகக் கேட்டேன். வழக்கமாகச் சொல்லும் கதை என்ன? ஆரம்பத்தில் வசதியில்லாமல் தட்டுத் தடுமாறினார், கம்ப்யூட்டர் வந்ததும் தேறினார், நல்ல மைக் வாங்கியதும் எங்கேயோ போய்விட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் காசெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவிலேயே மனுஷர் முழுசாக வளர்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் வந்த பிறகு பத்து வருஷம் இறக்கம்தான். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

முதல் காசெட் எப்படிப் பதிவானது என்று தெரியாதவர்களுக்கு: இரண்டு டேப்ரெக்கார்டர், ஒரு சாதா மைக், ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக், அப்புறம் இரவல் வாங்கிய சின்ன கேசியோ கீபோர்டு. முதலில் ஆர்மோனியத்தை மட்டும் பதிவது. அதை ஓடவிட்டுக் கூடவே டோலக் வாசித்து, இரண்டும் சேர்ந்ததை இன்னொரு மெஷினில் பதிவது. அந்தக் காசெட்டை எடுத்து முதல் மெஷினில் போட்டு, இப்போது கேசியோ. மறுபடி மாற்றிப் போட்டு, கடைசியாகப் பாட்டு. ஒவ்வொரு சுற்றிலும் டேப் இரைச்சல் ஏறும், மேல் சத்தம் மங்கும். கலந்தது கலந்ததுதான், பிரிக்க வழியில்லை. டோலக் கூடிப்போயிருந்தால் அதோடுதான் பாட வேண்டும்.

முதல் காசெட்டில் அது நன்றாகத் தெரிகிறது. இரண்டாவது பாட்டில் டோலக் மேலே ஏறி நிற்க, அதைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்பதற்காகவே கத்திப் பாடுகிறார். இரண்டாவது காசெட்டைக் கேளுங்கள். அதே இரண்டு மெஷின்தான். ஆனால் முதலில் பதியும் ஆர்மோனியத்தைக் காது கூசுகிற மாதிரி ட்ரெபிள், அதாவது மேல் சத்தம், ஏற்றிப் பதிந்திருக்கிறார். மூன்று சுற்று தாண்டி வரும்போது அது சரியான இடத்தில் வந்து உட்காருகிறது. டோலக்கில் தொப்பி (கனத்த சத்தம் தரும் பக்கம்) அடியைக் குறைத்து வலந்தலையை (மற்றப் பக்கத்தை) அதிகம் வாசித்திருக்கிறார். கீழ்ச் சத்தம் சேறாகிவிடும் என்று தெரிந்துவிட்டது. கடைசியில் எப்படிக் கேட்கும் என்பதை முதல் சுற்றிலேயே மனசில் கேட்டுவிட்டுத்தான் விரலை வைக்கிறார். இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

கீழவாசல்

அண்ணே, பிரமாதம். ரெண்டு விஷயம் மட்டும். முதல் காசெட்டில் பின்னாடி தறிச் சத்தம் கேட்குதே, அதையே தாளத்துக்கு வைத்துக்கொண்டு பாடினார் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. தறி ஓடுகிற செல்லூரில் பிறந்தவனுக்குத் தாளம் தட்டிக் காட்ட தனியாக மெட்ரோனோம் எதற்கு என்பார்கள். உண்மையா?

அப்புறம் அந்த ஆத்துப் பாட்டு. அழகர் இறங்கும்போது தண்ணி பீச்சுறவங்க பாடுகிற மாதிரி வருமே, அதில் சரணத்தில் குரல் எங்கே போய் நிற்குது பார்த்தீர்களா! இன்றைக்கு அவர் அந்தச் சுருதியைத் தொட முடியாது. வயசு வயசுதான்.

டேப்தலை

இரண்டுக்கும் பதில் இருக்கிறது. கொஞ்சம் மனசு உடையும், பரவாயில்லையா?

முதலில் தறி. தறிதான் தாளம் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் அதே தறி அதே இடத்தில் அடிக்க வேண்டும். நடக்கிற காரியமா? முதல் சுற்றில் ஆர்மோனியத்தோடு பதிந்த தறி ஒன்று, அடுத்த சுற்றில் மைக்கில் புகுந்த தறி இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று வழுக்கிக்கொண்டே போகும். ஹெட்ஃபோனில் கேட்டால் மூன்றாவது பாட்டில் அந்த வழுக்கல் தெளிவாகத் தெரியும். கொஞ்ச நேரம் சேர்ந்து அடித்து, பிறகு இரட்டையாகப் பிரிகிறது. தாளம் டோலக்கில்தான் நிற்கிறது, தறி எந்தப் பாட்டிலும் அதோடு சேரவில்லை. பேச்சு அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆத்துப் பாட்டு இன்னும் சுவாரசியம். அந்த ஒரு பாட்டில் மட்டும் தறிச் சத்தம் கிடையாது, கவனித்தீர்களா? கரன்ட் உறுமலும் கிடையாது. மற்ற பாட்டுகளில் அடியில் ஒரு ‘ம்ம்ம்’ ஓடிக்கொண்டே இருக்கும். அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். இதில் சுத்தமாக இல்லை. ஆகவே கரன்ட் போன நேரத்தில், பேட்டரியில் பதிந்த பாட்டு. தறி நின்றால்தானே செல்லூரில் அமைதி.

பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றிப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். வேகத்தில் 3 சதவீதம் வித்தியாசம் என்றாலே கால் கட்டை. 6 சதவீதம் என்றால் ஒரு கட்டைப் பாட்டு ஒன்றரைக் கட்டையில் கேட்கும். அவருடைய ஆர்மோனியம் எல்லாப் பாட்டிலும் ஒன்றுதான். அதன் சுருதியை மற்றப் பாட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பல்லவியில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, கடைசிச் சரணத்தில் இன்னும் ஏறியிருக்கிறது. அதாவது பாட்டு முடிவதற்குள் செல் இறங்கியிருக்கிறது. குரல் மெலிந்து, இளசாகக் கேட்பதும் அதனால்தான். இறக்கிவைத்துக் கேட்டால் இன்றைக்கு நாம் கேட்கிற அதே குரல். வயசெல்லாம் காரணமில்லை.

கரன்ட் உறுமலை வைத்தே டேப்பின் வேகத்தைக் கணக்கிடலாமே என்று யாராவது கேட்பதற்கு முன்பு: 90களில் நம் தென்மண்டல மின்கட்டமைப்பு 50க்குக் கீழே இறங்கி ஓடுவது சகஜம். அதை அளவுகோலாக வைத்தால் கணக்கு தப்பும். ஆர்மோனியத்தைத்தான் நம்பினேன்.

கீழவாசல்

போச்சு. இத்தனை வருஷமாகப் பேட்டரிக்குக் கை தட்டியிருக்கிறோம்.

ஒத்தக்கடை

டேப்தலை சொன்னது சரி. பேட்டரி விஷயம் எனக்கு நேரடியாகத் தெரியும், ஏனென்றால் செல் வாங்கிவரப் போனவன் நான். அப்போது டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் அவர் வேலை பார்த்தார். நான் எடுபிடி. இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தக் கடைகளே தெரியாது. பாட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், 60 நிமிஷக் காசெட்டோ 90 நிமிஷக் காசெட்டோ, அதில் வரிசையாகப் பதிந்து தருவார்கள். ‘ஏ’ சைடு கடைசியில் பாட்டு பாதியில் அறுந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதனால் நிமிஷம் நொடி கூட்டி, எந்தப் பாட்டுக்குப் பிறகு எது என்று அடுக்குவதே ஒரு கலை. அவர் அதில் கெட்டிக்காரர். அவருடைய காசெட்டுகளில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி அவ்வளவு கச்சிதமாக இருப்பது அந்தக் கடைப் பழக்கம்.

இன்னொன்றும் அங்கே படித்ததுதான். நாள் பூராவும், டேப் உரசி ஓடுகிற ஹெட்டைத் துடைப்போம். ஸ்பிரிட்டும் பஞ்சும் மேஜையிலேயே இருக்கும். ஒரு காசெட் மந்தமாகக் கேட்டால், சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஹெட்டின் சாய்வை ஒரு இம்மி திருகுவார். மூடியிருந்த கதவு திறந்த மாதிரி சத்தம் வெளியே வரும். வாடிக்கையாளர் கொண்டுவந்த காசெட் எந்த மெஷினில் பதிந்தது என்று கேட்டதுமே சொல்லிவிடுவார்.

வெற்றுக் காசெட் வாங்கக் காசில்லாத நாளில், வீட்டில் கிடக்கிற பழைய காசெட்டைத்தான் எடுப்போம். அழியாமலிருக்க மேலே காது உடைத்திருக்குமே, அந்த ஓட்டையில் தாளை மடித்துத் திணித்தால் பதியும். முதல் காசெட்டின் ‘பி’ சைடில் நாலாவது பாட்டு முடிந்ததும் அரை நொடிக்கு ஒரு பேச்சுக் குரல் வரும், கேட்டுப் பாருங்கள். வள்ளி திருமணம் நாடகக் காசெட், அதன் மேலேதான் பதிந்தோம்.

ஒரே காசெட்டில் நாலு பதிவைத் தனித்தனியாக வைக்கிற நாலு ட்ராக் மெஷின் வந்தது 1994ல். சிங்கப்பூரில் இருந்த அவருடைய மாமா பழசாக வாங்கி அனுப்பினார், ஃபாஸ்டெக்ஸ் எக்ஸ்-15. அதைத் திறந்து பார்த்த அன்று இரண்டு பேரும் கடைக்குப் போகவில்லை.

கச்சேரி அக்கா

தம்பிகளா, மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பாடினாரே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

அவரும் நானும் ஒரே இன்னிசைக் குழுவில் பாடியவர்கள். திருவிழா மேடைகளில் அவருக்கு டி.எம்.எஸ். பாட்டுதான் கொடுப்பார்கள். மதுரையில் ஆண் பாடகன் என்று மேடை ஏறினால் வேறு வழியும் இல்லை. 1922ல் இந்த ஊரில் பிறந்தவரின் குரலைத்தான் ஜனங்கள் எதிர்பார்ப்பார்கள். தொண்டையைத் திறந்து, கடைசி வரிசை வரைக்கும் போகிற மாதிரி அடிக்க வேண்டும். கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் மெதுவாகப் பாடினால் ஒன்றும் வராது.

முதல் காசெட்டில் அவர் பாடுவது அந்த மைதானத்துக்குத்தான். டோலக்கைத் தாண்டக் கத்தினார் என்று வைகைமணல் எழுதியிருக்கிறார், டோலக் இல்லாவிட்டாலும் அப்படித்தான் பாடியிருப்பார். ‘ப’ வருகிற இடமெல்லாம் மைக்கில் ‘புஃப்’ என்று காற்று அடிக்கிறது. இரண்டாவது காசெட்டைப் பாராட்டுகிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வாத்தியமெல்லாம் அடங்கிவிட்டது, இவர் மட்டும் அடங்கவில்லை.

மூன்றாவதில்தான் ஆள் மாறுகிறார். காரணம் ரொம்பச் சாதாரணம். அதற்குள் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் தூங்க வைத்திருக்கிறார்கள். கடை மூடி வந்து ராத்திரி பதினொன்றுக்கு மேல் கத்த முடியுமா? மைக்கை வாயோரம், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, பேசுகிற அளவுக்குக் குரலை இறக்கிப் பாடியிருக்கிறார். காற்று அடிப்பதும் நின்றுவிட்டது. மூச்சு வாங்குவது கேட்கிறது, அதை அப்படியே விட்டிருக்கிறார். கீழ் ஸ்தாயியில் அவருக்கு அவ்வளவு அழகான குரல் இருப்பது பக்கத்தில் நின்று பாடிய எனக்கே அதுவரைக்கும் தெரியாது. மேடையில் அது கேட்டதேயில்லை.

வைகைமணல்

அக்கா, இரண்டாவது காசெட் பற்றி நான் இறங்கி வர மாட்டேன். மூன்றாவது பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு.

நாலு ட்ராக்கில் அவர் செய்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மூன்று ட்ராக்கில் வாத்தியங்களைப் பதிந்து, அவற்றைக் கலந்து நாலாவதில் இறக்கினால், முதல் மூன்றும் மறுபடி காலி. இப்படியே எட்டு, பத்து வாத்தியம்கூடச் சேர்க்கலாம். மூன்றாவது காசெட்டில் பெரும்பாலான பாட்டுகளில் ஒரே ஒரு தடவைதான் அப்படிக் கலந்திருக்கிறார். ஐந்து அல்லது ஆறு சத்தம், அதோடு சரி. இன்னும் போட முடியும், போடவில்லை. பஸ் ஸ்டாண்ட் பாட்டில் இரண்டாவது சரணம் முழுக்க ஆர்மோனியம் வாயே திறக்காது. அது திரும்பி வரும் இடத்துக்காகவே அந்தப் பாட்டை நாலு தடவை கேட்டேன்.

இதற்குப் பிறகு 2001. அசெம்பிள் செய்த பென்டியம் கம்ப்யூட்டர், சவுண்ட் பிளாஸ்டர் ஒலி கார்டு, கூல் எடிட் என்ற பதிவு மென்பொருள். ட்ராக் எத்தனை வேண்டுமானாலும். என்ன ஆனது? பல்லவியிலேயே வயலின் கூட்டம், புல்லாங்குழல், கோரஸ், இடியோசை, மழை. எல்லாம் கீபோர்டிலிருந்து. பிடிக்காவிட்டால் அழித்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் எதையும் அழிக்கவில்லை. எல்லாம் இருக்கிறது, பாட்டு இல்லை. 2001லிருந்து 2010 வரை அவர் வெளியிட்டதில் நான் திரும்பக் கேட்பது ஒன்றோ இரண்டோ.

மொட்டைமாடி

நான் இங்கே புதுசு. வீட்டில் லேப்டாப்பில் பதிகிறவன், அதனால் கம்ப்யூட்டர் கட்சி.

சார் சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். அந்தக் காலத்துப் பாட்டுகள் விறைப்பாக இருப்பது ட்ராக் அதிகமானதால் மட்டும் இல்லை. அப்போதைய விண்டோஸில் சாதாரண டிரைவரை வைத்துக்கொண்டு மைக்கில் பாடினால், நம் குரல் ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வர கால் நொடி, அரை நொடி ஆகும். ஸ்டெய்ன்பெர்க் கம்பெனி 1997லேயே இந்தத் தாமதத்தைக் குறைக்கிற ஆசியோ டிரைவர் முறையைக் கொண்டுவந்துவிட்டது, ஆனால் சாதாரணக் கார்டு வைத்திருந்த வீட்டுக்காரனுக்கு அதெல்லாம் எட்டவில்லை. தன் குரலையே தாமதமாகக் கேட்டுக்கொண்டு யாராலும் பாட முடியாது. அதனால் ஹெட்ஃபோனில் தன் குரலை அணைத்துவிட்டு, வாத்தியத்தை மட்டும் கேட்டுப் பாடியிருப்பார். அப்புறம் திரையில் அலையைப் பார்த்து நகர்த்தி ஒட்டவைத்திருப்பார். கமகம் எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதே, அதன் கதை இதுதான் என்று நினைக்கிறேன். காதால் கேட்டுச் சேர்க்க வேண்டியதைக் கண்ணால் பார்த்துச் சேர்த்திருக்கிறார்.

இன்னொன்று. 2013க்கு அப்புறம் வந்த பாட்டுகளில் ஒவ்வொரு சத்தமும் அதனதன் இடத்தில் இருக்கிறதே, அந்த அறிவு எங்கிருந்து வந்தது? பத்து வருஷம் நாற்பது ட்ராக்கைப் போட்டு உருட்டி, எது எதை மறைக்கிறது என்று பார்த்ததில் இருந்துதானே? ஆர்மோனியமும் ஆண் குரலும் ஒரே இடத்தில் மோதும் என்பதைக் காசெட் காலத்தில் ஆர்மோனியத்தை நிறுத்திச் சமாளித்தார். கம்ப்யூட்டரில், மேல் கீழ்ச் சத்தங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசர் போட்டு இரண்டையும் கூடவே வைக்கக் கற்றார். அந்தப் பத்து வருஷத்தைக் குப்பையில் போடாதீர்கள்.

வைகைமணல்

தாமதம் பற்றிச் சொன்னது எனக்குப் புதுசு, நல்லா இருக்கு. இரண்டாவது பத்தி மட்டும்… ஆர்மோனியத்தை நிறுத்தியதுதான் எனக்குப் பிடித்த தீர்வு தம்பி.

கீழவாசல்

அப்புறம் 2012ல் கரன்ட் போச்சு, மனுஷர் தேறினார். நல்ல பாட்டு வேண்டுமென்றால் மின்வாரியத்துக்குத்தான் மனு போடணும் போல.

டேப்தலை

சிரிப்புக்குச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. 2012ல் மதுரையில் பாதி நாள் மின்சாரம் இல்லாத காலம் ஞாபகம் இருக்கும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பல சதுர அலைதான் தரும். அதில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் ‘ர்ர்ர்’ என்று இரையும், பதிவுக்கு ஆகவே ஆகாது. அவர் கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு ஒரு லேப்டாப்பும், மைக்கை அதோடு இணைக்க, யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் இரண்டு சேனல் பெட்டியும் வாங்கினார். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது சுவரோடு தொடர்பே இல்லை, எர்த் கோளாறால் வரும் உறுமலும் இல்லை. தெருவும் ஓய்ந்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இரண்டு மைக்குக்கு மேல் வைக்க முடியாது. ஆத்துப் பாட்டுக்கு இருந்த அதே நிபந்தனைகள், சுருதி ஏறுவதைத் தவிர.

உறுமிவீடு

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். 2013ல் வந்த பாட்டுகளை எல்லோரும் கொண்டாடுவது அதிலுள்ள தப்பு மேளத்துக்கும் உறுமிக்கும். அதைப் பதிந்த இடத்தில் நான் இருந்தேன். அழகர்கோவில் போகிற வழியில் ஒரு மாந்தோப்பு. வாசித்தது எங்கள் பெரியப்பாவும் அவருடைய செட்டும்.

முதல் நாள் மேடை மைக்கைத் தப்புக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தார். திரும்பப் போட்டுக் கேட்டால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி ‘டப், டப்’. குச்சி படுகிற சத்தம் மட்டும் இருக்கிறது, தோல் பாடுகிறது இல்லை. பெரியப்பா கேட்டுவிட்டு, “தப்பைக் கிட்ட நின்னு யாருப்பா கேப்பா, தெருமுனையில நின்னுல்ல கேப்பாக” என்றார். செல்லூர்க்காரர் மைக்கை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் நடக்க ஆரம்பித்தார். பத்து அடி, இருபது அடி என்று நின்று நின்று காதால் கேட்டு, ஒரு இடத்தில் கண்டென்சர் மைக் ஒன்றை மட்டும் நட்டார். உறுமிக்குத் தனியாக இன்னொன்று, அதுவும் தேய்க்கிற பக்கத்துக்கு நேராக இல்லை, கொஞ்சம் விலக்கி. நேராக வைத்தால் குச்சி தேய்கிற கரகரப்புதான் வரும், அந்த ‘ஊம்’ வராது.

தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சி எடுத்தால்தான் குரல் வரும். ஆறினால் தொய்யும். ஆகவே ஒவ்வொரு தடவையும் காய்ச்சி எடுத்த சில நிமிஷத்துக்குள் வாசித்து முடிக்க வேண்டும். நிறுத்து, திரும்ப வாசி, இங்கே ஒரு அடி மாற்று என்பதெல்லாம் நடக்காது. முழுப் பாட்டையும் ஒரே ஓட்டமாக வாசித்தார்கள், அவர் பிறகு அதற்கு மேல் பாடினார். தாளம் நடுவில் கொஞ்சம் ஓடும், கொஞ்சம் இழுக்கும். கம்ப்யூட்டர் கட்டத்துக்குள் அதை இழுத்துப் பொருத்தாமல் விட்டதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

கும்பிடு போட்ட கையோடு கேட்கிறேன். 1993 காசெட்டில் இரண்டு பாட்டுக்குத் தவில் இருக்கிறது. வாசித்தவர் யார்? உறையில் பெயர் இல்லை. இப்போது இணையத்தில் ஏற்றும்போதும் போடவில்லை. தோப்புப் பதிவுக்கு எங்கள் ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகப் போட்டார், ஊர் பெயரோடு. அவருடைய வளர்ச்சி என்று பேசினால் எனக்கு இதுவும் வளர்ச்சிதான். முன்பு தவில் அவருக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஒத்தக்கடை

உறுமிவீடு கேட்டது நியாயம். தவில் வாசித்தவர் திருப்பரங்குன்றம் பக்கம், முகூர்த்தம் முடிந்து வருகிற வழியில் கடைக்கு வந்தவரைப் பிடித்து உட்கார வைத்தோம். காசு கொடுத்தார், அது எனக்குத் தெரியும். பெயர் போடுவது என்று ஒன்று இருப்பதாகவே அப்போது யாரும் நினைக்கவில்லை. உறையே என் கையெழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்ததுதான். அவரிடம் பேசிவிட்டேன், குடும்பத்திடம் கேட்டுச் சேர்க்கிறேன் என்றார். வாசித்தவரின் மகன் இன்னும் அதே தொழிலில் இருக்கிறார்.

மொட்டைமாடி

ஒரு சந்தேகம். நாலு ட்ராக் காசெட்டில் பதிந்து பெரிய அளவில் வெளியான இசைத்தட்டு ஏதாவது உண்டா, இல்லை எல்லாம் ஒத்திகைக்கு மட்டும்தானா? அப்புறம் ரஹ்மானும் வீட்டு ஸ்டுடியோவில்தானே ஆரம்பித்தார்?

டேப்தலை

உண்டு. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்ஸியில் தன் வீட்டுப் படுக்கையறையில், டியாக் 144 போர்ட்டாஸ்டுடியோவில் பாடிப் பதிந்தார். 1979ல் வந்த மெஷின் அது. சாதாரணக் காசெட்டில் நாலு ட்ராக்கையும் ஒரே திசையில், இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டும். அவருக்கும் அது ஒத்திகைதான். பிறகு இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் அதே பாட்டுகளைப் பதிந்து பார்த்தார், படுக்கையறையில் வந்தது அங்கே வரவில்லை. உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் வைத்துச் சுற்றிய அந்தக் காசெட்டையே அதே வருஷம் செப்டம்பரில் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். ‘நெப்ராஸ்கா’ என்று பெயர். காசெட்டிலிருந்து தட்டுக்கு மாற்றுவதற்குத்தான் பொறியாளர்கள் படாத பாடு பட்டார்கள்.

ரஹ்மானை இதில் சேர்க்க மாட்டேன். கோடம்பாக்கத்தில் வீட்டின் பின்புறம் கட்டினார் என்பது உண்மை. ஆனால் 1992ல் ‘ரோஜா’ வருவதற்கு முன்பே அவர் சின்ன வயசிலிருந்து மற்றவர்களின் குழுக்களில் கீபோர்டு வாசித்து, விளம்பரங்களுக்கு இசையமைத்துப் பழகிய தொழில்முறைக்காரர். அது வீட்டோடு சேர்ந்த ஸ்டுடியோ. நம்மவர் பதிந்தது சோறு தின்கிற அறையில். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இரண்டு பேருக்குமே நியாயம் செய்ததாகாது.

ஒத்தக்கடை

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மூன்றாவது காசெட்டின் நாலு ட்ராக் மூலம், கலப்பதற்கு முந்தினது, டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எக்ஸ்-15 செத்துப்போய் ரொம்ப வருஷம் ஆச்சு. சாதாரண டெக்கில் போட்டால் ஒரு சைடில் ஆர்மோனியமும் டோலக்கும் மட்டும் வருகிறது, திருப்பிப் போட்டால் பாட்டு பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது. காப்பாற்ற வழி உண்டா?

டேப்தலை

நிச்சயமாக உண்டு. எக்ஸ்-15 ஓடுவது சாதாரணக் காசெட் வேகத்தில்தான், இரைச்சல் குறைப்பும் டால்பி பி. ஆகவே டால்பி பி உள்ள நல்ல டெக் ஒன்று போதும். டியாக் 144 டேப்பாக இருந்தால் வேகம் ஒரு தொல்லையாக வந்திருக்கும்.

‘ஏ’ சைடில் வருவது ட்ராக் 1, 2. திருப்பிப் போட்டால் வருவது 3, 4, தலைகீழாக. இரண்டையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்குள் இறக்கி, இரண்டாவதை மென்பொருளில் திருப்பினால் நாலு ட்ராக்கும் கைக்கு வந்துவிடும். சிக்கல் எங்கே என்றால், டெக் இரண்டு ஓட்டத்திலும் ஒரே மாதிரி ஓடாது. பாட்டு முடிவதற்குள் நொடியில் சில பங்கு விலகிவிடும். டோலக் பாட்டுக்கு முன்னால் ஓட ஆரம்பிக்கும். துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்க வேண்டும், பொறுமை இருந்தால் முடிகிற வேலை.

டெக்கில் போடுவதற்கு முன்பு: டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓட்டவே வேண்டாம், கொண்டுவாருங்கள், நான் துடைத்துத் தருகிறேன். ஹெட்டுக்கு எதிரில் இருக்கும் சின்னக் கம்பளிப் பட்டை விழுந்திருந்தால் வேறு காசெட் கூட்டுக்கு மாற்ற வேண்டும். ஓட்டுவதற்கு முன் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள். ஹெட் சாய்வைத் திருகுவதற்கு அவரையே கூட்டி வாருங்கள், அந்த மெஷினின் சாய்வு அவர் காதுக்குத்தான் தெரியும்.

மொட்டைமாடி

அந்த வெட்டிச் சேர்க்கிற வேலையை நான் செய்கிறேன் சார். காசு வேண்டாம். ஆர்மோனியம் வாய் திறக்காத அந்தச் சரணத்தில், பதிந்திருந்து பிறகு மூடிவைத்தாரா, இல்லை பதியவே இல்லையா என்று பார்க்கணும்.

வைகைமணல்

பதிந்திருக்க மாட்டார். பந்தயம்.

ஒத்தக்கடை

பெட்டியோடு அவரையும் கூட்டி வருகிறேன். டேப்தலை, சிம்மக்கல்லில் உங்கள் வீட்டுக்கு ஞாயிறு வரலாமா? காலையில் அவருக்குப் பிள்ளைகளுக்கு கீபோர்டு வகுப்பு இருக்கிறது, பதினொன்றுக்கு மேல்தான் முடியும்.

டேப்தலை

வாங்க. டெக்கைத் துடைத்து வைக்கிறேன். காசெட்டை வண்டி பெட்ரோல் டேங்க் கவரில் வைத்து வெயிலில் கொண்டுவராதீர்கள், கையில் பையில் எடுத்து வாருங்கள்.